குழாயும் கத்தியும்: மும்பைத் தமிழ்ப் புனைவுகளில் அரசு வளங்களும் வட்டார வன்முறையும்

மும்பைத் தமிழர் வாழ்வைப் பொருளாகக் கொண்ட படைப்புகள் பற்றித் தமிழில் எழுந்துள்ள திறனாய்வுகள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே அமைகின்றன. ஒன்று, ஊர்விட்டு ஊர் சென்றோரின் துயர் எவ்வாறு பதிவாகியுள்ளது என்பது. மற்றொன்று, வன்முறையால் உயர்ந்த தலைவன் அறத்தின்பாற்பட்டவனா அல்லனா என்பது. முதற்கேள்வி ‘புலம்பெயர் இலக்கியம்’ என்னும் தலைப்பின் கீழும், இரண்டாவது ‘பாத்திரப் படைப்பு’ என்னும் தலைப்பின் கீழும் பலமுறை ஆராயப்பட்டுவிட்டன. ஆயின் இவ்விரண்டிற்கும் அடியில் மூன்றாவதாக ஒரு கேள்வி இருக்கின்றது. குடிநீர், குடியிருப்பு நிலம், பங்கீட்டு அட்டை, மருத்துவமனைப் படுக்கை, காவல் நிலையத்துப் பிணை ஆகிய அரசின் வளங்கள் குடிமகனை வந்தடையும் வழியில் நடுவே நிற்பவன் யார்? அவன் கையில் கத்தி இருப்பது ஏன்? வட்டார அரசியலில் நிகழும் வன்முறையை மனிதரின் குணக்கேடாகக் காணாமல், பொதுவளத்தின் மீது போடப்பட்ட பூட்டாகக் காணும்போது, நாம் நன்கறிந்த படைப்புகள் வேறுவகையாகப் பொருள்படுகின்றன. ‘நாயகன்’ (1987), நாஞ்சில் நாடனின் ‘எட்டுத் திக்கும் மதயானை’ (1998), ‘காலா’ (2018) ஆகிய மூன்றையும் இந்நோக்கில் அணுகி, அவை காட்டுவனவற்றையும் காட்டாது விடுவனவற்றையும் நகரின் வடகிழக்கு எல்லையாகிய முலுண்டிலிருந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரைப்படத்தைப் புதினத்தோடு ஒருங்கு வைத்து ஆராய்வது முறையா என்னும் ஐயம் எழக்கூடும். தாராவியைத் தமிழ் வாசகரிடம் கொண்டு சேர்த்ததில் அச்சைவிடத் திரைக்குப் பங்கு மிகுதி. மும்பையைக் கண்டிராத தமிழ் ஆய்வாளர் பலரின் மனத்தில் உள்ள தாராவி திரை தந்ததே ஆகும். ஆகவே திரையை விலக்கிவிட்டு இப்பொருளை ஆராய இயலாது.

கோலும் வேலும்

அரசையும் வழிப்பறியையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்கும் சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. கொடுங்கோன்மை அதிகாரத்தின் இரண்டாம் குறள் (552), கோலேந்திய வேந்தன் குடிகளிடம் பொருள் வேண்டுவதை, வேலேந்தி வழியில் நிற்பவன் கேட்பதோடு ஒப்பிடுகின்றது. இருவரும் கேட்கும் குரல் ஒன்றுதான். கையிலுள்ள கருவிதான் வேறு. பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் செவியறிவுறுத்திய புறநானூற்று 184ஆம் பாடல் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. விளைந்ததை அறுத்துக் கவளமாகக் கொடுத்தால் சிறுநிலத்தின் விளைச்சலே யானைக்குப் பல நாளைக்கு வரும். யானையே வயலில் புகுந்தால் வாயில் புகுவதைவிடக் காலில் அழிவது மிகுதி. இங்குப் புலவர் பேசுவது கொடுமையைப் பற்றி மட்டுமன்று, வழங்கும் முறையைப் பற்றியும் ஆகும். வளம் எவ்வழியே செல்கின்றது, யார் இடையில் மிதிக்கின்றார் என்பதே அவர் கேள்வி. அரசு உருவாக்கத்தையும் ஒழுங்கமைந்த குற்றத்தையும் ஒப்பிட்டுச் சார்லஸ் டில்லி என்னும் அமெரிக்கச் சமூகவியலாளர் 1985இல் எழுதிய கட்டுரை உலக அளவில் பேசப்படுகின்றது. பாதுகாப்பு என்ற பெயரால் பணம் பெறுபவன், அந்தப் பாதுகாப்பு தேவைப்படும் ஆபத்தையும் தானே உண்டாக்குபவனாக இருக்கலாம் என்பது அவருடைய வாதம். வள்ளுவர் இரண்டு அடிகளில் வைத்த ஒப்பீட்டின் விரிவு அது என்று தமிழ் மாணவர் கொள்வதில் பிழையில்லை. எனினும் வள்ளுவர் பேசுவது எடுத்துக்கொள்ளும் அரசைப் பற்றி. மும்பைக் குடிசைப் பகுதிகளில் நாம் காண்பதோ கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் வைத்திருக்கும் அரசை. இந்த வேறுபாட்டை மறந்தால் ஆய்வு திசைமாறிவிடும்.

வரலாற்றுப் பின்புலம்

1966 ஜூன் 19இல் பால் தாக்கரே சிவசேனையைத் தொடங்கினார். அதற்கு முன்பே அவருடைய ‘மார்மிக்’ வார இதழ், நிறுவனங்களில் பணிபுரிந்த தென்னிந்தியர்களின் பெயர்ப்பட்டியல்களை வெளியிட்டு வந்தது. தொடக்க ஆண்டுகளில் தென்னிந்தியர் கடைகளும் உடுப்பி உணவகங்களும் தாக்குதலுக்கு உள்ளாயின. மும்பைத் தமிழரின் நினைவில் இக்காலம் மொழிப்பகையின் காலமாகவே பதிந்துள்ளது. அது உண்மையே, ஆயினும் முழு உண்மையன்று. பட்டியலில் இருந்தவை எழுத்தர், தட்டச்சர், மேலாளர் வேலைகள். சண்டை வேலைவாய்ப்பு என்னும் வளத்தின் மீதானது. மொழி அதன் கொடியாக அமைந்தது. 1968 மாநகராட்சித் தேர்தலில் சிவசேனை 42 இடங்களைப் பெற்றது. 1970 ஜூன் 5இல் பரேல் பகுதியின் சட்டமன்ற உறுப்பினரும் இந்தியப் பொதுவுடைமைக் கட்சியினருமான கிருஷ்ணா தேசாய் கொல்லப்பட்டார். அவ்வழக்கில் சேனைத் தொண்டர்கள் தண்டனை பெற்றனர். அதனைத் தொடர்ந்த இடைத்தேர்தலில் அவருடைய துணைவியாரைத் தோற்கடித்து வாமன்ராவ் மகாடிக் சிவசேனையின் முதற் சட்டமன்ற உறுப்பினரானார். ஆலைத் தொழிலாளர் பகுதி ஒன்று சங்கத்தின் கையிலிருந்து கிளை அலுவலகத்தின் கைக்கு மாறியதன் அடையாளமாக இதனைக் கொள்ளலாம்.

இக்கிளை அலுவலகம், அதாவது ‘சாகா’, தமிழ்த் திறனாய்வில் உரிய கவனம் பெறவில்லை. தாமஸ் பிளோம் ஹான்சன் 2001இல் வெளியிட்ட மும்பை பற்றிய நூல், சேனையின் வன்முறையையும் அதன் அன்றாடச் சேவையையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க இயலாது என்பதை விரிவாகக் காட்டுகின்றது. குழாயில் நீர் வரவில்லை, பள்ளியில் இடமில்லை, நோயாளியை ஏற்றிச்செல்ல வண்டி வேண்டும் என்று வருவோருக்கு அக்கதவு திறக்கும். கதவுக்குப் பின்னே கைவலிமை இருக்கின்றது என்பது ஊரறிந்தது. அதனால்தான் நகராட்சி அலுவலர் அங்கிருந்து வரும் சொல்லுக்குச் செவிசாய்க்கின்றார். 1985இல் மாநகராட்சியே சேனையின் கைக்கு வந்தது. 1992 முதல் 1997 வரையிலான இடைவெளி நீங்கலாக 2022 வரை அந்நிலை நீடித்தது. 2025-26ஆம் ஆண்டுக்கான மும்பை மாநகராட்சியின் வரவுசெலவுத் திட்டம் 74,000 கோடி ரூபாயைக் கடந்தது என்னும் ஒரு செய்தியே அப்பிடியின் பெறுமதியை உணர்த்தப் போதுமானது.

இதே காலத்தில் மாட்டுங்கா, தாராவி, சயான் கோலிவாடா ஆகிய தமிழர் பகுதிகளில் வரதராஜன் முதலியாரின் செல்வாக்கு ஓங்கியிருந்தது. துறைமுகப் பகுதியிலும் தொடர்வண்டி நிலையத்திலும் சுமைதூக்கி வாழ்வைத் தொடங்கியவர், மதுவிலக்குச் சட்டம் உண்டாக்கிய கள்ளச்சாராயத் தொழிலால் வளர்ந்தவர் என்பன பலரும் அறிந்தவை. புதிதாகக் குடியேறுவோருக்குப் புறம்போக்கு நிலத்தில் இடம், பங்கீட்டு அட்டை, நீர், மின்சாரம் ஆகியவற்றை அவருடைய ஆட்களே பெற்றுத் தந்தனர் என்று எழுதப்பட்டுள்ளது. மாட்டுங்கா நிலையத்தருகே அவர் நடத்திய விநாயகர் சதுர்த்திப் பந்தல் நகரமறிந்தது. 1980களின் நடுப்பகுதியில் காவல்துறை நெருக்கவே சென்னைக்குச் சென்ற அவர் 1988இல் இறந்தார். சாகாவும் வரதராஜனும் மொழியால் எதிரெதிர் நின்றவர்களாகத் தோன்றினும் செய்த வேலை ஒன்றே: கொடுக்காத அரசுக்கும் கேட்கத் தெரியாத குடிக்கும் இடையே நின்று, பெற்றுத் தந்ததற்கு விலை வாங்குதல். சாகா அடுத்த படியில் ஏறித் தேர்தல் வழியே அரசாகவே ஆயிற்று. வரதராஜனுக்கு அப்படி வாய்க்கவில்லை. இவ்வேறுபாட்டிற்கான காரணத்தை எந்தத் தமிழ்ப் படைப்பேனும் ஆராய்ந்திருக்குமாயின் அது பெரும் படைப்பாகியிருக்கும்.

நாயகன்: நீதி உண்டு, நீர் இல்லை

மணிரத்னத்தின் ‘நாயகன்’ 1987 தீபாவளியின்போது வெளிவந்தது. வரதராஜன் அப்போது உயிருடன் இருந்தார். தொழிற்சங்கத் தலைவரான தந்தையைக் காவல்துறை கொல்கின்றது. மகன் காவலரைக் கொன்று மும்பைக்கு ஓடுகின்றான். படத்தின் முதல் நிகழ்ச்சியே அரச வன்முறை என்பது கருதத்தக்கது. ஆனால் தந்தை எதற்காகச் சங்கம் வைத்தார், என்ன கேட்டார் என்பதை அறியப் படம் நிற்பதில்லை. கூலி என்னும் கேள்வி முதல் சில நிமிடங்களிலேயே குருதியில் கரைந்துவிடுகின்றது. எஞ்சுவது பழி மட்டுமே.

குடிசைகளை இடிக்க வரும் காட்சி இந்நோக்கில் முதன்மையானது. நிலத்தைக் கைப்பற்ற நினைக்கும் சேட்டின் மாளிகைக்கு வேலு நாயக்கர் ஆட்களோடு சென்று அங்குள்ள பொருள்களை உடைக்கின்றார். வீடிழப்பதன் வலியைச் செல்வர் உணர வேண்டும் என்பது காட்சியின் தருக்கம். அரங்கில் பார்ப்போருக்கு இது நிறைவளிக்கும். ஆனால் திறனாய்வாளர் கேட்க வேண்டியது வேறு. அந்நிலம் யாருடையது? நகராட்சியுடையதா, மாநில அரசினுடையதா, நடுவணரசினுடையதா? இடிக்கும் ஆணையை எழுதியவர் யார்? 1971ஆம் ஆண்டின் மகாராட்டிரக் குடிசைப்பகுதிச் சட்டமும், 1976இல் எடுக்கப்பட்ட குடிசைக் கணக்கெடுப்பும், அதன்வழி வழங்கப்பட்ட நிழற்பட அட்டையும் அக்குடிசைவாசிகளுக்கு ஏதேனும் உரிமை தந்தனவா? படம் இவற்றில் எதையும் கேட்கவில்லை. இடிப்பு என்பது ஒரு செல்வனுக்கும் ஒரு வீரனுக்கும் இடையிலான தனிப்பகையாகச் சுருங்குகின்றது.

இவ்விடத்தில் உண்மையில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளை நினைவுகூர்தல் தகும். 1976 மே மாதத்தில், நெருக்கடி நிலைக் காலத்தில், டிராம்பேயின் ஜனதா காலனி முற்றிலும் அகற்றப்பட்டது. ஏறத்தாழ 70,000 மக்கள் சீட்டா கேம்ப்பின் சதுப்பு நிலத்திற்கு மாற்றப்பட்டனர். அவர்களில் தமிழர் பெருந்தொகையினர். அகற்றியவர் சேட்டு அல்லர். அணு ஆராய்ச்சி மையத்திற்காக அரசே அகற்றியது. 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்பிற்கான உரிமை உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று ஒப்புக்கொண்டது. ஆயினும் முன்னறிவிப்புக்குப்பின் நடைபாதைவாசிகளை அகற்ற இசைவும் அளித்தது. ‘நாயகன்’ வெளிவருவதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முந்திய தீர்ப்பு இது. தாராவிக்குப் பிரதமர் நிதி வந்ததும் 1985ஐ ஒட்டியே. நகரமே இவற்றைப் பேசிக்கொண்டிருந்தபோது படம் மாளிகைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டிருந்தது என்று கூறுவது சற்றுக் கடுமையாகத் தோன்றலாம்; ஆனால் அது தவறாகாது.

படத்தின் பெருமையும் இங்கேயே உள்ளது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. ஆய்வாளர் கேல்கரை வேலு பட்டப்பகலில் தெருவில் அடித்துக் கொல்லும்போது கண்டவர் பலர், சாட்சி சொல்பவர் ஒருவரும் இல்லை. இறுதி வழக்கிலும் அதே மௌனம். இம்மௌனம் அச்சமா, அன்பா, நன்றிக்கடனா என்பதைப் படம் பிரித்துக் காட்ட மறுக்கின்றது. வட்டார அதிகாரத்தின் இயல்பைத் தமிழ்த் திரை இதனினும் நுட்பமாகக் காட்டியதில்லை. சட்டத்திடம் நீதி கிடைக்காத தந்தை ஒருவர் வேலுவிடம் வந்து கைகூப்பும் காட்சியும் அத்தகையதே. அரசு வழங்கத் தவறிய நீதி என்னும் வளத்தை இவர் வழங்குகின்றார். ஆனால் நீதியை மட்டுமே வழங்குகின்றார். தண்ணீர், நிலம், அட்டை என்னும் அன்றாட வளங்கள் திரைக்குள் வந்திருந்தால் அவர் வழங்கும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலைச்சீட்டு இருப்பது தெரிந்திருக்கும். தெரிந்திருந்தால் படத்தின் புகழ்பெற்ற அறக்கேள்வி வேறு வடிவம் பெற்றிருக்கும். மனிதன் நல்லவனா தீயவனா என்பது போய், ஏற்பாடு நேர்மையானதா என்பதாக அது மாறியிருக்கும். நம் திறனாய்வுகள் படம் கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்டு வந்துள்ளமை வருந்தத்தக்கது.

மதயானையின் காலடியில்

நாஞ்சில் நாடன் 1970களின் தொடக்கம் முதல் ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் மும்பையில் பணிபுரிந்தவர். ‘மிதவை’ (1986), ‘சதுரங்க குதிரை’ (1993) ஆகிய புதினங்களில் படித்த இளைஞனின் மும்பையைக் காட்டிய அவர், ‘எட்டுத் திக்கும் மதயானை’யில் நகரின் அடித்தளத்திற்கு இறங்குகின்றார். சாதிச் செருக்கால் அடிபட்டு ஊரைவிட்டு ஓடும் பூலிங்கம் பல ஊர்கள் அலைந்து மும்பையின் கள்ளச்சாராயத் தொழிலில் ஒரு கண்ணியாகின்றான். திரையின் நாயகன் மேலே நின்று வழங்குபவன். பூலிங்கமோ கீழே நின்று சுமப்பவன். பார்வை இவ்வாறு இடம் மாறும்போது வன்முறையின் பொருளும் மாறுகின்றது. அங்கே அது வீரம். இங்கே அது வேலையின் ஒரு பகுதி, சில வேளைகளில் சலிப்பூட்டும் பகுதி.

1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் இப்புதினத்தின் கண்ணுக்குத் தெரியாத பாத்திரம் எனலாம். ஒரு பொருளை அரசு தடைசெய்கின்றது. தடைசெய்த உடனே அதன்மேல் இரண்டு வரிகள் பிறக்கின்றன. ஒன்று காய்ச்சுபவனின் இலாபம், மற்றொன்று காவலரின் மாமூல். சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அதிகாரமே விற்பனைக்குரிய வளமாகின்றது. நீரையும் நிலத்தையும் போலவே ‘கண்டுகொள்ளாமை’யும் அரசு தன் கையில் வைத்திருக்கும் ஒரு வளம் என்பதை உணர்த்துவதில் இப்புதினம் ‘நாயக’னைவிட ஒருபடி முன்னே நிற்கின்றது. தலைப்பில் யானை வருவதும் எண்ணத்தக்கது. பிசிராந்தையாரின் யானை ஒன்று, அது அரசன். நாஞ்சில் நாடன் காட்டும் யானைகளோ எட்டுத் திசைகளிலும் நிற்கின்றன. ஊரின் சாதித் தலைமை, காவலர், தொழில் முதலாளி ஆகியோருள் எது அரசு, எது அரசல்லாதது என்று பூலிங்கத்தால் பிரித்தறிய முடிவதில்லை. அவன் காலடியில் இருப்பவன். அங்கிருந்து பார்த்தால் கால்கள் மட்டுமே தெரியும்.

குறையும் உண்டு. பூலிங்கத்தின் மும்பையில் வாக்குச்சீட்டு இல்லை. தனி ஆணாக அலைபவனுக்குக் குடும்ப அட்டையும் குழாயும் அக்கறைக்குரியவை அல்ல என்பது ஒரு விளக்கமாகலாம். ஆனால் குடிசைப் பகுதியின் நீரரசியல் பெண்களின் தலைக்குடத்தில்தான் தொடங்குகின்றது. தனியனைக் கதைத்தலைவனாகக் கொண்ட புதினம் அதனைத் தொடாமலே போகின்றது. நகரின் குழாய்நீர் பற்றி லிசா பியார்க்மன் (2015), நிகில் ஆனந்த் (2017) ஆகியோர் எழுதிய கள ஆய்வு நூல்கள், ஓர் இணைப்பைப் பெறச் சான்றுத்தாள், நகர்மன்ற உறுப்பினரின் பரிந்துரை, குழாய்ப் பணியாளர், பொறியாளர் என எத்தனை கைகளைக் கடக்க வேண்டும் என்பதை விளக்குகின்றன. அக்கைகளின் வரிசையே ஒரு புதினத்திற்குப் போதுமானது. மும்பையில் வாழ்ந்து எழுதிவரும் புதிய மாதவி, அம்பை போன்றோரின் எழுத்துகளைப் பெண்ணிய நோக்கில் ஆராய்வோர் இக்கோணத்தையும் சேர்த்துக்கொண்டால் பயனுண்டு.

காலா: நிலம் பெயர் பெறுகின்றது

பா. இரஞ்சித்தின் ‘காலா’ ‘நாயக’னுக்கு முப்பத்தொரு ஆண்டு இளையது. நெல்லை வட்டார வழக்குப் பேசும் கரிகாலன், எதிர்நிற்கும் அரசியல்வாதி அரி தாதா, ‘மனு’ என்னும் பெயர்கொண்ட கட்டுமான நிறுவனம், சலவைத் துறையை இடிக்க வருவோரை மறிக்கும் மக்கள் என்று முதலிலிருந்தே நிலமே கதைப்பொருளாகின்றது. புலவர் குழந்தையின் ‘இராவண காவியம்’ தலைவனின் மேசையில் இருப்பதைப் பலரும் எடுத்துக்காட்டியுள்ளனர். இங்கு வேண்டுவது வேறொன்று. மறுசீரமைப்புத் திட்டம் என்னும் தாள் கதைக்குள் ஒரு பாத்திரமாகவே நுழைகின்றது. இடிப்பவன் இனிக் கடப்பாரையோடு மட்டும் வருவதில்லை, வரைபடத்தோடும் வருகின்றான். தொண்டு நிறுவனத்தின் சரீனா நல்லெண்ணத்தோடு கொண்டுவரும் திட்டத்திற்கும் காலாவுக்கும் இடையே எழும் முரண் படத்தின் மிகச் சிறந்த பகுதி. ‘நாயகன்’ அறியாத ஒன்றை ‘காலா’ அறிந்திருக்கின்றது: வன்முறைக்குக் கோப்பு வடிவமும் உண்டு.

இறுதிப் பகுதியில் தாராவி மக்கள் வேலைக்குச் செல்ல மறுக்க, நகரம் நிலைகுலைகின்றது. 1982இல் தத்தா சாமந்த் தலைமையில் தொடங்கிய ஆலைத்தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் நீண்ட நிழல் இக்காட்சியில் விழுகின்றது எனலாம். ‘நாயகன்’ தொடக்கத்தில் கைவிட்ட தொழிற்சங்கத்தை ‘காலா’ முடிவில் மீட்டெடுக்கின்றது. 1972இல் நாம்தேவ் டசாளின் ‘கோல்பிடா’ தொகுதியும் தலித் பாந்தர் இயக்கமும் மராத்தியில் தோன்றிய ஆண்டு முதல், அந்நகரின் ஒடுக்கப்பட்டோர் அரசியலுக்கு ஒரு மொழி கிடைத்திருந்தது. அம்மொழியோடு தமிழ்ப் படைப்பொன்று உரையாடுவது, கறுப்பும் சிவப்பும் நீலமும் கலக்கும் அந்த இறுதிக் காட்சியில்தான் என்பது மிகைக்கூற்றன்று. மும்பைத் தமிழரை மராத்தியரின் எதிர்நிலையில் மட்டுமே வைத்துப் பார்த்த பழைய பார்வையை அது குலைக்கின்றது.

இவ்வளவு கூறியபின்னும் ஓர் ஐயம் எஞ்சுகின்றது. காலாவின் வீட்டுக்கதவும் வேலுவின் வீட்டுக்கதவைப் போன்றதே. மக்கள் அங்கேதான் வந்து நிற்கின்றனர். தலைவர் கேட்கின்றார், முடிவு சொல்கின்றார். நகராட்சி வட்ட அலுவலகத்தில் வரிசையில் நிற்கும் மனிதனுக்கு இப்படத்திலும் பேரிடமில்லை. கூட்டத்தின் ஆற்றலைப் போற்றும் படைப்பு, அக்கூட்டத்திலுள்ள ஒருவருக்கு ஒரு சான்றுத்தாள் கிடைக்க எத்தனை நாளாகும் என்று கேட்கவில்லை. ஒரு சிறு செய்தி: ‘நாயக’னின் தாராவி தோட்டா தரணியின் கைவண்ணத்தில் சென்னைப் படப்பிடிப்பு நிலையத்தில் எழுந்தது. ‘காலா’வின் தாராவியும் பெரும்பகுதி சென்னையில் அமைக்கப்பட்டதே. அரங்கிலுள்ள தெருக்களுக்கு நிலப்பதிவு தேவையில்லை, குழாய்க்கு அடியில் நிலத்தடி இணைப்பும் தேவையில்லை. இதனைக் கலை இயக்குநர்களின் குறையாகச் சொல்வதற்கில்லை.

முலுண்ட்

தமிழ்ப் படைப்புகளின் மும்பை தாராவியில் தொடங்கி மாட்டுங்காவில் முடிகின்றது. செம்பூர் சில வேளை எட்டிப் பார்க்கும். முலுண்ட் வருவதில்லை. 1957இல் மாநகர எல்லைக்குள் கொண்டுவரப்பட்ட இப்பகுதி நடுவண் இருப்புப்பாதையில் மாநகரத்தின் கடைசி நிலையம். அடுத்த நிலையம் தானே. இலக்கியத்திற்கு எல்லைப்புறமாகத் தோன்றும் இவ்விடம் அரசு வளங்களின் கணக்கில் நடுநாயகமானது. தான்சா ஏரியிலிருந்து நகரத்துக்கு நீர் கொண்டுவரும் பெருங்குழாய்கள் இதன் வழியே செல்கின்றன. அடுத்துள்ள பாண்டுப்பில் நகரின் பெரும்பங்கு நீரும் தூய்மை செய்யப்படுகின்றது. முலுண்ட் சுங்கச்சாவடிகளில் சரக்குந்துகள் வரிசையில் நின்று நுழைவரி செலுத்தின. 2017 ஜூலை 1இல் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வரும் வரை மாநகராட்சியின் மிகப்பெரிய வருவாய் அந்நுழைவரியே. கடைசி ஆண்டுகளில் அது ஆண்டொன்றுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல். நகரின் குப்பை 1967 முதல் 2018 வரை முலுண்டின் கிடங்கில் கொட்டப்பட்டது. நீரும் வரியும் உள்ளே நுழையும் வாயிலே குப்பை வெளியேறும் வாயிலாகவும் இருந்தது.

இப்போது மனிதர்களும் அவ்வாயிலுக்கு அனுப்பப்படவுள்ளனர். 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் முதலீட்டு உறுதியோடு பெற்றது. 2000 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன் அங்குக் குடியிருந்ததாகச் சான்றுள்ளோருக்குத் தாராவியிலேயே வீடு. பின் வந்தோருக்கும் மேல்தளங்களில் வாழ்வோருக்கும் தாராவிக்கு வெளியே இடம். அதற்கென 2024 செப்டம்பரில் மகாராட்டிர அமைச்சரவை காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் ஆகிய இடங்களின் ஏறத்தாழ 256 ஏக்கர் உப்பள நிலத்திற்கு ஒப்புதல் அளித்தது. 2005 ஜூலை 26இல் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய நகரத்தில், கடல்நீரையும் மழைநீரையும் வாங்கிக்கொள்ளும் நெய்தல் நிலம் அது.

முலுண்ட் மக்கள் 2023 முதல் இதனை எதிர்த்துக் குரல் எழுப்பினர். நீர், சாலை, தொடர்வண்டி ஆகியவை தாங்கா என்பது அவர்கள் கூறிய காரணம்; 2024 மக்களவைத் தேர்தலில் இது வட்டாரச் சிக்கலாகவே பேசப்பட்டது. அவர்களைத் தன்னலமிகள் என்று ஒதுக்கிவிடுதல் எளிது, ஆனால் பொருந்தாது. கேட்டது கிடைக்காத நகரத்தில் இருப்பதைக் காக்க முனைவது இயல்பே. மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் அடுக்ககங்களுக்குக் குடிபெயர்ந்த தமிழரும் முலுண்டில் உள்ளனர். தாராவியிலிருந்து அனுப்பப்படவுள்ளோரிலும் தமிழர் உள்ளனர். மொழி என்னும் பழைய அளவுகோல் இங்கு எவ்வகையிலும் உதவாது. எதிரியாக ஓர் அரி தாதாவும் இல்லை. இக்கட்டத்தில் கத்தியும் தேவைப்படவில்லை. 1970இல் கத்தி செய்த வேலையை நாள்குறிப்பு ஒன்று செய்கின்றது. வளத்தின் மீது யாருக்குப் பிடி என்பதைத் தீர்மானிப்பது 1976, 1995, 2000 என்று நகர்ந்துகொண்டே வந்த அந்நாளே. 2022 மார்ச்சில் மன்றத்தின் காலம் முடிந்தபின் ஆண்டுக்கணக்கில் மாநகராட்சித் தேர்தல் நடைபெறாதிருந்த காலத்திலேயே இம்முடிவுகளில் முதன்மையானவை எடுக்கப்பட்டன. முறையிடுவதற்கு அப்போது வட்டத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரும் இருக்கவில்லை.

பட்டியல்களில் ஆளப்படும் சொல் ‘தகுதி’. தகுதியுள்ளோர், தகுதியற்றோர் என மக்கள் இருவகையாக்கப்பட்டுள்ளனர். நடுவுநிலைமை அதிகாரத்தின் முதற் குறளில் (111) இதே சொல் வருகின்றது. பரிமேலழகர் அங்கே அதற்கு நடுவுநிலைமை என்றே பொருள் கொள்கின்றார். பகைவர், அயலோர், நட்பினர் என்னும் பகுதிதோறும் ஒருவன் வழுவாமல் நிற்கும் முறை அது. வழங்குவோனிடம் இருக்க வேண்டிய பண்பாக வள்ளுவர் வைத்த சொல், இன்று பெறுவோன் தாள்காட்டி மெய்ப்பிக்க வேண்டிய நிலையாகிவிட்டது. சொற்பொருள் மாற்றத்தை மொழியியல் வகுப்பில் கற்பிப்போர் இவ்வெடுத்துக்காட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

2024 மார்ச்சில் தாராவியின் கமலா ராமன் நகரில் கணக்கெடுப்புத் தொடங்கியது. கணக்கெடுப்போர் வீட்டுக்கு வீடு எண் இட்டுச் சென்றனர். 1976இலும் குடிசைகளுக்கு எண் இடப்பட்டது. அவ்வெண்ணே பின்னர் பலருக்கு உரிமைச் சான்றாயிற்று. முதல் எண் கணவன் பெயரிலும், மரப்படி ஏறிச் செல்லும் மேல்தளம் வாடகைக்கும் இருக்கும் வீட்டில், கீழே இருப்பவர் தாராவியில் தங்குவார். மேலே இருப்பவர் உப்பளத்திற்குச் செல்வார். ஒரே கதவு, ஒரே குழாய், பல ஆண்டுகளாக முறைவைத்துப் பிடித்த ஒரே நீர். மும்பைத் தமிழ்ப் புதினம் இனி எழுதப்படுமாயின் அது அந்த மரப்படியிலிருந்து தொடங்க வேண்டும்.